நெல் ஸ்டோரில் கொக்கு நடனம்

வெள்ளைச் சேலையைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றிச் செருகிக்கொண்டு, கையில் பஞ்சு ஒட்டிய மட்டையுடன் திரைக்குப் பின்னால் நின்றேன். திரை என்றால் நெல் காயவைக்கிற படங்குகள் இரண்டு. ஒன்றோடு ஒன்று தைத்துக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார்கள். அதில் இருந்த நெல்லுச் சுணை என் கழுத்தில் ஏறி அரித்துக்கொண்டிருந்தது. சொறிய முடியாது. ஒரு கையில் மட்டை, மறு கையில் வெள்ளிக் கடதாசி சுற்றிய மீன்.

பக்கத்தில் நேர்ஸ் றெஜினா. அவளும் வெள்ளைச் சேலைதான். தலையில் எனக்கு இருந்ததைப்போலவே மஞ்சள் கடதாசியில் வெட்டிய ஒரு அலகு. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அவள் கொக்குப்போல இல்லை. ஊசி போட வந்த நேர்ஸ் போலத்தான் இருந்தாள்.

திரைக்கு அந்தப் பக்கம் மன்றத் தலைவர் ஓவசியர் தகரக் குழலை வாயில் வைத்து அறிவித்தார்: "அடுத்ததாக, எங்கள் ஆசிரியை செல்வி சரஸ்வதியும் தாதி செல்வி றெஜினாவும் வழங்கும் கொக்கு நடனம்!"

"சரசு, மெதுவா அடியும்," என்றாள் றெஜினா என் காதுக்குள். "நான் மறந்துபோய் இழுத்து அடிச்சாலும் நீர் மெதுவாத்தான் அடிக்கவேணும். விளங்கினதோ?"

நான் படங்கில் இருந்த ஓட்டையால் பார்த்தேன். முன்வரிசைக் கதிரையில், எங்கள் பகுதி அரசாங்க அதிகாரி டி.ஆர்.ஓ. ஐயா. அவருக்குப் பக்கத்தில், இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே குடையை நட்டுவைத்துக்கொண்டு, யாழ்ப்பாணத்திலிருந்து காலை ரயிலில் வந்திருந்த என்னுடைய அண்ணன்.

நடனத்தை இந்த இடத்தில் சற்று நிறுத்திவைக்கிறேன். நாங்கள் ஏன் கொக்கானோம் என்று சொல்லாமல் மேலே போனால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது.

ஒரே கூரை

அறுபதுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளிநொச்சியில் அப்போது மண்டபம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. கூரை போட்ட பெரிய கட்டடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ரயில் பாதைக்குக் கிட்ட, கூட்டுறவுச் சங்கத்து நெல் ஸ்டோர்.

மாசி பங்குனியில் அறுவடை முடிந்தால் உருத்திரபுரத்திலிருந்தும் மற்றக் குடியேற்றங்களிலிருந்தும் வண்டில் வண்டிலாக மூட்டைகள் வரும். ஸ்டோர் கூரைவரை நிரம்பும். பிறகு லொறிகள் வந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் போகும். ஆவணி பிறந்தால் உள்ளே ஒன்றும் இராது. சீமெந்துத் தரையும், தகரக் கூரையும், கூரைக்குக் கீழே புறாக்களும்தான் மிச்சம்.

அந்த வெறும் ஸ்டோரை ஊருக்கு வாங்கித் தந்தவர் ஓவசியர் செல்லத்துரை. நீர்ப்பாசனப் பகுதியில் வேலை. இரணைமடுக் குளத்திலிருந்து வயலுக்கு வரும் வாய்க்கால்களை மேற்பார்வை செய்கிறவர். கலை விளையாட்டு மன்றம் என்று ஒன்றைத் தொடங்கி, தானே தலைவராகி, மாதக்கணக்காக அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கி, நெல் இல்லாத காலத்தில் ஸ்டோரைப் பாவிக்க அனுமதி வாங்கினார். பூட்டும் திறப்பும் கையில் கிடைத்த அன்று தானே தும்புத்தடி பிடித்துக் கூட்டினாராம்.

அதன் பிறகு அந்த ஸ்டோர் என்னவெல்லாம் ஆனது! ஒரு மாதம் அதில் குஸ்தி நடந்தது. வவுனியாவிலிருந்து வந்த பயில்வான் எங்கள் ஊர் வண்டில்காரர் ஒருவரைத் தூக்கிச் சுழற்றினார். வண்டில்காரர் இறங்கியதும் வாந்தி எடுத்தார். இன்னொரு மாதம் ராசா நாடகம். மூட்டை நிறுக்கும் பெரிய தராசின் தட்டுதான் சிங்காசனம். ராசா ஆவேசமாக எழும்பும்போதெல்லாம் முள் ஆடும். அதைப் பார்க்கவே சனம் வந்தது. இடையில் ஒரு கல்யாணம், ஒரு கச்சேரி, அம்மை குத்துகிற முகாம். கச்சேரியில் பாடகர் மேலே மேலே போகப் புறாக்களும் சேர்ந்து பாடின. கோபத்தில் மங்களத்தைச் சீக்கிரம் பாடிவிட்டு இறங்கிவிட்டார்.

இவ்வளவுக்கும் நடுவே, தினமும் பின்னேரம் ஐந்து மணிக்கு அங்கே ஆண்கள் பட்மின்டன் விளையாடினார்கள்.

தரையில் சுண்ணாம்பால் கோடு. நடுவில் வலை. ஓவசியர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்குவார். அவருக்கு அடிக்கத் தெரியாது. ஆனால் "அவுட்" சொல்லத் தெரியும். பந்து கோட்டுக்குள் விழுந்தாலும் வெளியே விழுந்தாலும் கூரை அதிர "அவுட்!" என்பார். ஓவசியரோடு யார் வாதாடுவது? வாய்க்காலில் தண்ணீர் திறப்பவர் அவர் அல்லவா.

ஏழாம் விதி

நான் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்க வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஆசிரியர் கலாசாலையில் படித்த காலத்தில் விடுதி முற்றத்தில் பட்மின்டன் பழகியிருந்தேன். அங்கே எனக்கு இரண்டு விஷயங்களில்தான் பேர். ஒன்று பட்மின்டன். மற்றது, குசினியில் அப்பளம் களவெடுப்பது.

றெஜினா முல்லைத்தீவுக் கடற்கரைப் பிள்ளை. கொழும்பில் தாதிப் பயிற்சி முடித்து எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தவள். இரண்டு பேரும் ஒரே வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தோம். வந்த முதல் கிழமையே அவளுடைய பெட்டிக்குள் இரண்டு மட்டைகளைக் கண்டுவிட்டேன். கண்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது.

ஒருநாள் பின்னேரம் ஸ்டோர்க் கதவின் நீக்கலால் இருவரும் ஆண்கள் ஆடுவதைப் பார்த்தோம். றெஜினா ஒரு நிமிடம்தான் பார்த்தாள்.

"உவையள் விளையாடேல்லை, சரசு. ஈ கலைக்கினம்."

அடுத்த நாளே ஓவசியரிடம் போனேன். பெண்களுக்கும் கொஞ்ச நேரம் தரமுடியுமா என்று கேட்க வாயைத் திறக்க முன்னரே, வருகிற எவருக்கும் செய்வதுபோல, அவர் சுவரைக் காட்டினார். அங்கே ஒரு பலகை. மன்றத்தின் விதிகள். முதலாம் விதி வெற்றிலை துப்பக்கூடாது. ஏழாம் விதி: 'பெண்கள் கலை நிகழ்ச்சிகளுக்கு மாத்திரம் அனுமதிக்கப்படுவர்.'

"ரீச்சர் என்ன கேட்க வந்தனீங்கள்?"

நான் பலகையை இன்னொரு தரம் வாசித்தேன். அந்த ஏழாம் விதியில் ஒரு கதவு திறந்து கிடப்பது தெரிந்தது.

"கலை விழாவுக்கு நானும் நேர்ஸும் ஒரு நடனம் செய்யலாமெண்டு யோசிச்சம். ஒத்திகைக்கு ஸ்டோர் கிடைக்குமோ எண்டு கேட்க வந்தனான்."

ஓவசியரின் முகம் மலர்ந்தது. "அது நல்ல விஷயமெல்லோ! பள்ளிக்கூடம் விட்டாப்போலை வாங்கோ. நாலரை வரைக்கும் உங்கடை நேரம்."

"கதவைப் பூட்டிக்கொண்டுதான் பழகுவம். முதலே ஆரும் பாத்தால் விழாவிலை புதினம் இராது."

"பூட்டுங்கோ, பூட்டுங்கோ."

பொய் சொன்னேன் என்று நீங்கள் நினைக்கலாம். நான் அப்போது அப்படி நினைக்கவில்லை. கொஞ்சம் முந்திச் சொல்லிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

குளமும் மீனும்

நடனம் என்றால் பாட்டு கேட்கவேண்டும். அதற்குத் தம்பு மாஸ்டரைப் பிடித்தோம். எங்கள் பள்ளிக்கூடத்துச் சங்கீத ஆசிரியர். ஐம்பது வயது தாண்டியவர், ஆறு பிள்ளைகளின் தகப்பன். ஆர்மோனியத்தில் கை வைத்தால் நிறுத்தமாட்டார் என்பதால் ஊரில் யாரும் அவரை வாசிக்கக் கூப்பிடுவதில்லை. நாங்கள் கூப்பிட்டபோது எதற்கு என்றுகூட அவர் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் என்றுதான் கேட்டார்.

"ஒண்டரை மணித்தியாலம், மாஸ்டர். நிப்பாட்டாமல் வாசிக்கவேணும்."

மாஸ்டரின் கண் கலங்கிவிட்டது.

மன்றத்து வலை ஓவசியரின் அலுமாரிக்குள். அதனால் றெஜினா தன்னுடைய நீலச் சேலையை இரண்டு மூங்கில்களுக்கு நடுவே இழுத்துக் கட்டினாள். கதவைப் பூட்டினோம். மாஸ்டர் வாசித்தார். நாங்கள் ஆடினோம்.

ஐயோ, அந்த முதல் நாள்! கூரைக்குக் கீழே இருந்த சின்ன யன்னல்களால் வெயில் சரிவாக இறங்கும். ஓடும்போது காலடியில் உமித்தூசு எழும்பி அந்த வெளிச்சத்தில் பொன்போல மிதக்கும். இரண்டு அடிக்கு ஒரு தும்மல். வெறுங்காலில் சீமெந்து குளிர்ந்தது. ஒரு வருடமாக மடித்துவைத்திருந்த என் கைகால்களை யாரோ உதறி விரித்துவிட்டதுபோல இருந்தது.

வெளியே நின்றவர்களுக்கு ஆர்மோனியமும் காலடிச் சத்தமும் கேட்கும். நடனம் என்றால் அப்படித்தானே கேட்கும்? ஒரு சிக்கல், றெஜினாவின் வாய். ஆண்கள் இறகுப்பந்தை இங்கிலீசில் 'போல்' என்பார்கள். அவள் கொழும்பில் பழகியபடி, 'ஷட்டில்கொக்' என்பதைச் சுருக்கி 'கொக்' என்பாள். அதுவும் கத்தித்தான் சொல்வாள். "கொக்கை விடாதேயும்! கொக்கைத் தூக்கும்!"

நாலாம் நாள் நாங்கள் கதவைத் திறந்தபோது காவல்காரர் கணபதி வாசலில் நின்றார்.

"என்ன பிள்ளையள், கொக்கு நடனமோ?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"ஓம் அண்ணை," என்றாள் றெஜினா. "ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

அன்று இருட்டும் முன்னரே ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. அடுத்த கிழமை நோட்டீசிலும் அச்சாகி வந்தது: கொக்கு நடனம்.

இனி உண்மையிலேயே ஒரு கொக்கு நடனம் வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க யோசித்தேன். கடைசியில் எல்லாவற்றுக்கும் ஒரு வேடம் கிடைத்தது. நீலச் சேலைதான் இரணைமடுக் குளம். மட்டைக்குப் பஞ்சு ஒட்டினால் சிறகு. பந்துக்கு வெள்ளிக் கடதாசி சுற்றினால் மீன். இரண்டு கொக்குகள் குளத்துக்கு மேலாக ஒரு மீனை மாறி மாறிக் கொடுத்து விளையாடுகின்றன. எட்டு மெல்லிய அடி, ஒரு சுற்று, ஒரு கும்பிடு. பிறகு மறுபடி எட்டு அடி.

"நல்லாயிருக்கு," என்றாள் றெஜினா. "ஆனா எட்டாவது அடியை நான் கொஞ்சம் இழுத்துப் போடட்டோ?"

"கூடாது!"

மொட்டைப் பெட்டிசம்

விழாவுக்கு ஐந்து நாள் இருக்கும்போது அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது.

அண்ணன் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். அப்பா இறந்த பிறகு என்னைப் படிப்பித்தவர். வன்னிக்கு அனுப்ப அவருக்கு விருப்பமே இல்லை. "ஒரு சொல்லு எனக்கு வரக்கூடாது. வந்தால் அண்டைக்கே வந்து கூட்டிக்கொண்டு போவன்," என்று ரயிலேற்றும்போதே சொல்லியிருந்தார்.

இப்போது ஒரு சொல் போயிருந்தது. பேர் போடாத பெட்டிசம், மொட்டைக் கடிதம். அதை அப்படியே தன் கடிதத்துக்குள் மடித்து அனுப்பியிருந்தார். 'உமது தங்கையார் தினமும் பின்னேரம் பூட்டிய ஸ்டோருக்குள் ஆர்மோனியக்காரர் ஒருவருடன் இருக்கிறார் என்பதை மன வேதனையுடன் அறியத்தருகிறேன்.' நாலு வரியில் ஏழு எழுத்துப் பிழை, இங்கே திருத்தித் தந்திருக்கிறேன். எழுதியவர் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அண்ணனின் கடிதம் அதைவிடச் சின்னது. 'சனிக்கிழமை வருகிறேன். பெட்டியைக் கட்டி வை.' சனிக்கிழமைதான் விழா.

நாங்கள் பட்மின்டன்தான் விளையாடுகிறோம் என்று அண்ணனுக்கு எழுதலாம். ஆனால் அவர் ஓவசியரிடம் விசாரிப்பார். ஓவசியர் எங்கள் தலைமை ஆசிரியரிடம் போவார். விதியை ஏய்த்த ரீச்சருக்கு அந்த ஊரில் என்ன மரியாதை இருக்கும்? நடனம்தான் என்று சாதித்தால், விழாவில் அது நடனமாகவே இருக்கவேண்டும். அண்ணனும் நம்பவேண்டும். ஓவசியரும் நம்பவேண்டும். வேறு வழியில்லை.

தம்பு மாஸ்டரின் வீட்டுக்குப் போய் அவருடைய மனிசியிடமும் சொல்லிவிட நினைத்தேன். ஊர்க்கதை அவவின் காதுக்குப் போயிருந்தால் என்ன செய்வது? போனேன், தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அவ அரிவாளை வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினா. மூச்சு முட்டும்வரை சிரித்தா.

"இந்த மனிசனோ? பிள்ளை, இவர் என்னோடையே கதைக்கிறேல்லை. ஆர்மோனியப் பெட்டிதான் இவருக்குப் பெண்சாதி. நீ பயப்படாமல் போ."

இரவு அறையில் பெட்டியைக் கட்டி வைத்தேன். றெஜினா கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பகிடி விடவில்லை. "நான் மெதுவா அடிப்பன், சரசு. மாதா சத்தியமா," என்றாள்.

பத்துக்குப் பத்து

இப்போது திரைக்கு வருவோம். புரட்டாதி மாதக் கடைசி. பின்னேரம் நாலு மணி வெயில். கணபதி அண்ணை கயிற்றை இழுத்தார். படங்கு விலகியது. நடுத்தரையில் நீலச் சேலை கட்டியிருந்தது. சுற்றிவரப் பாயில் சனம். ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள். தம்பு மாஸ்டர் தொடங்கினார்.

முதல் எட்டு அடி அழகாக வந்தது. மீன் மெல்ல எழும்பிக் குளத்தைக் கடந்து மெல்ல இறங்கியது. சுற்றினோம், கும்பிட்டோம். பெண்கள் பக்கம் "ஆ" என்று ஒரு சத்தம். ஓவசியர் டி.ஆர்.ஓ. ஐயாவிடம் குனிந்து ஏதோ விளக்கினார். ஐயா தலையாட்டினார். அண்ணனின் முகம் மட்டும் அசையவில்லை.

இரண்டாவது எட்டும் சரி. மூன்றாவதில் ஒரு புறா பறந்தது. நான் திடுக்கிட்டு, ஆறாவது அடியைக் கொஞ்சம் பலமாக, றெஜினாவின் இடது பக்கத்துக்குப் போட்டுவிட்டேன்.

பிழை என்னுடையதுதான். இதை அறுபது வருடம் கழித்து ஒத்துக்கொள்கிறேன். அவள் மாதாவுக்குக் கொடுத்த சத்தியம் மெல்ல வந்த பந்துக்குத்தான். இடது பக்கம் பலமாக வந்த பந்தைக் கண்டதும் அவளுடைய கை தன்பாட்டில் எழும்பியது. 'சடார்!' மீன் என் காலடியில் கோட்டுக்குள் விழுந்து வெள்ளிக் கடதாசி பிய்ந்தது.

சனம் எட்டிப் பார்த்தது. பிறகு உருத்திரபுரத்து ஆட்கள் இருந்த பக்கத்திலிருந்து ஒரு குரல்: "ஒண்டு!"

நான் மீனை எடுத்தேன். மெல்லப் போட்டிருக்கவேண்டும். ஆனால் றெஜினாவின் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பைக் கண்டேன். மன்னிப்புக் கேட்கிற சிரிப்பு அல்ல அது.

கோட்டு மூலைக்கு வைத்து அடித்தேன்.

"ஒண்டுக்கு ஒண்டு!"

அதன் பிறகு எட்டும் இல்லை, சுற்றும் இல்லை. மட்டையிலிருந்து பஞ்சு பறந்தது. அலகு கழுத்தில் தொங்கியது. தம்பு மாஸ்டர் எங்களைப் பார்த்து வாசிக்கத் தொடங்கினார். பந்து உயர்ந்தால் அவரும் உயர்ந்தார். இழுத்து அடித்தால் அவரும் இறங்கினார். வாழ்நாளில் அவரை யாரும் அப்படிக் கவனித்துக் கேட்டிருக்கமாட்டார்கள்.

ஓவசியர் எழும்பி நின்றார். "ரீச்சர்! உது நடனத்திலை கிடக்கோ?"

"கொக்குகள் சண்டை பிடிக்குதுகள், ஓவசியர் ஐயா!" என்று ஓடிக்கொண்டே கத்தினேன்.

"நிப்பாட்டுங்கோ!"

"நீங்கள் முதல் இருங்கோ, மறைக்குது!" என்று ஒரு குரல் வந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து. எல்லோரும் திரும்பினார்கள். சொன்னவர் பூமணி அக்கா. ஓவசியரின் மனிசி. சபையில் அவ வாய் திறந்ததை அதுவரை யாரும் கேட்டதில்லை. ஓவசியர் கதிரையில் இருந்துவிட்டார்.

பதினொன்று எடுத்தவருக்கு வெற்றி. அதை நாங்கள் சொல்லவில்லை, சனமே முடிவு செய்துவிட்டது. ஒன்பதுக்கு எட்டு. ஒன்பதுக்கு ஒன்பது. பத்துக்குப் பத்து. ஸ்டோருக்குள் தும்மல்கூட இல்லை. றெஜினா பந்தை உயரத் தூக்கினாள். அது கூரையடிவரை போய் வெயிலுக்குள் மினுங்கித் திரும்பி எனக்கு நேரே இறங்கியது. சின்னப் பிள்ளையும் அடிக்கக்கூடிய பந்து. மட்டையை ஓங்கினேன்.

அந்த நேரம் பார்த்து முன்வரிசையில் அண்ணன் எழும்பி நின்றார். கையில் குடை. நான் அவரைப் பார்த்தேன். பந்து என் தோளில் பட்டு விழுந்தது.

விருந்தினர் உரை

கைதட்டலில் புறாக்கள் எல்லாம் வெளியே பறந்துவிட்டன. நானும் றெஜினாவும் குளத்தின் இரண்டு கரையிலும் தலை குனிந்து நின்றோம். கொக்குகள் அப்படித்தான் நிற்கும் என்று யாராவது நினைத்திருக்கலாம்.

டி.ஆர்.ஓ. ஐயா பேச எழும்பினார். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை.

"இந்த நடனத்தை நான் கொழும்பிலும் பார்த்திருக்கிறேன்," என்றார். "அங்கே இதற்குப் பட்மின்டன் என்று பேர்."

சனம் சிரித்த சிரிப்பில் தகரம் அதிர்ந்தது. ஓவசியரின் முகம் சிவந்து, பிறகு கறுத்தது. ஐயா கையைக் காட்டி அடக்கினார்.

"ஆனால் நோட்டீசில் நடனம் என்று அச்சடித்திருக்கிறது. மன்றம் அச்சடித்ததை மறுக்க நான் யார்? கலை நிகழ்ச்சிதான். இந்தக் கலையைத் தொடர்ந்து பழக வசதி செய்வீர்கள்தானே, தலைவர்? எந்தெந்த நாள்?"

இவ்வளவு சனத்துக்கு முன்னால் என்ன சொல்வது? ஓவசியர் தொண்டையைச் செருமினார். "செவ்வாய்... வியாழன்," என்றார்.

சனம் கலைந்த பிறகு நான் நீலச் சேலையை அவிழ்த்துக்கொண்டு நின்றபோது அவர் என்னிடம் வந்தார்.

"ரீச்சர், என்னை மடையனாக்கிப் போட்டீங்கள்."

எனக்குச் சிரிப்பு எல்லாம் போய்விட்டது.

"இந்த ஸ்டோருக்காக நான் எத்தினை கந்தோர் வாசல்லை நிண்டனான் தெரியுமோ? ஆரும் ஒரு பெட்டிசம் போட்டால் காணும், பூட்டிப்போடுவாங்கள். பெண்பிள்ளையள் உள்ளை விளையாடினால் முதல் பெட்டிசம் வருமெண்டுதான் அந்த விதி போட்டனான். என்னட்டை நேரே கேட்டிருக்கலாமே?"

"கேட்டிருந்தால் விட்டிருப்பீங்களோ?"

அவர் நேர்மையான மனிதர்.

"விட்டிருக்க மாட்டன்," என்றார்.

"பிழைதான் ஐயா. குறை நினையாதேங்கோ."

அவர் மூங்கில்களைக் கழற்ற எனக்கு உதவினார்.

அண்ணன்

வீடு வரையும் அண்ணன் முன்னால் நடந்தார், நான் பின்னால். வாசலில் என் பெட்டி கட்டியபடி இருந்தது. அதன்மேல் இருந்துகொண்டு அரை மணித்தியாலம் பேசினார். அப்பாவைப் பற்றி, குடும்பத்தைப் பற்றி, ஊர் என்ன கதைக்கும் என்பதைப் பற்றி. நான் அழுதேன். றெஜினா குசினிக்குள் நின்று தேத்தண்ணியை ஆற்றோ ஆற்றென்று ஆற்றிக்கொண்டிருந்தாள். வெளியே வரப் பயம்.

கடைசியில் அண்ணன் களைத்துப்போனார். அந்தப் பெட்டிசத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து இரண்டாகக் கிழித்தார்.

"அந்த ஆர்மோனியக்காரரைப் பாத்தனான்," என்றார். "உதை எழுதினவனுக்குக் கண் தெரியாது போலை."

தேத்தண்ணி வந்தது. குடித்தார். கிளாசைக் கீழே வைத்துவிட்டு, திடீரென்று புதுக் கோபத்தோடு கேட்டார்:

"கடைசிப் பந்தை ஏன் விட்டனி?"

"நீங்கள் எழும்பினீங்கள். பயந்துபோனன்."

"பந்தைப் பாக்கத்தானடி எழும்பினனான்! பக்கத்திலை இருந்த ஐயாவின்ரை தொப்பி மறைச்சுது!"

அடுத்த ரயிலில் தனியே போய்விட்டார். இரண்டு மாதம் கடிதம் இல்லை. மூன்றாம் மாதம் வந்த கடிதத்தில் என் சுகத்தை விசாரிக்கவில்லை. றெஜினாவை அதற்குப் பிறகு வென்றேனா என்று மட்டும் கேட்டிருந்தார்.

முதற் செவ்வாய்

அந்த முதற் செவ்வாய்க்கிழமை நாங்கள் கதவைப் பூட்டவில்லை. அகலத் திறந்துவிட்டு ஆடினோம். வேறு யாரும் வருவார்கள் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. கைதட்டுவது வேறு, வந்து மட்டை பிடிப்பது வேறு.

நாலு மணிக்குப் பூமணி அக்கா வந்தா. நாற்று நடப் போகிறவவைப்போலச் சேலையை இழுத்துச் செருகியிருந்தா. கையில் ஓவசியரின் மட்டை.

"அக்கா, உது..."

"அலுமாரித் திறப்பு என்னட்டைத்தான்," என்றா. "எப்பிடிப் பிடிக்கிறது? காட்டுங்கோ."

முதல் பதினைந்து பந்தும் காற்றில்தான் போயின. பதினாறாவது பட்டது. அது மேலே போய்க் கூரைத் தகரத்தில் 'டங்' என்று மோதித் திரும்பி வந்தது. றெஜினா வாய் பிளந்து பார்த்தாள். வருடக்கணக்காகச் சொந்த வயலில் விதைத்தும் நட்டும் சூடடித்தும் உரமேறிய கை அது.

அவவுக்கு ஓடத் தெரியாது. ஓடத் தேவையும் இருக்கவில்லை. நின்ற இடத்தில் நின்றபடியே எங்களைத் தரை முழுக்க ஓடவைத்தா.

நாலரை எப்போது தாண்டியது என்று எங்களுக்குத் தெரியாது. வாசலில் நிழல் விழுந்தது. ஓவசியர். கைகள் வெறுமையாக இருந்தன. மட்டையைத் தேடி வீடெல்லாம் துழாவிவிட்டு வந்திருக்கவேண்டும். அது தன் மனிசியின் கையில் இருப்பதைப் பார்த்தார்.

"பூமணி, நேரமாச்சு. வீட்டை அடுப்பு எரியேல்லை," என்றார் மெல்ல.

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. பந்தைத் தூக்கிப் போடத் தயாராக நின்றா.

"இன்னும் அஞ்சு புள்ளி கிடக்கு. நீங்கள் போய் உலையை வையுங்கோ. அரிசி மூண்டு சுண்டு."

வாசலில் காவல் நின்ற கணபதி அண்ணை அவசரமாக மறுபக்கம் திரும்பித் தும்புத்தடியைத் தேடினார். ஓவசியர் எங்களைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். ஏழாம் விதி எழுதிய பலகையையும் பார்த்தார். பிறகு வெளியே போய்ச் சைக்கிளை எடுத்தார். மணிச் சத்தம் தூரத்தில் கேட்டது. அக்கா அடித்தா. நான் தவறவிட்டேன்.

பந்தை எடுக்கக் குனிந்தபோது மறுபடியும் சைக்கிள் மணி. ஓவசியர் திரும்பி வந்திருந்தார். ஒரு காலை நிலத்தில் ஊன்றி, தலையை மட்டும் கதவுக்குள் நீட்டி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"பூமணி, தண்ணி எவ்வளவு விடவேணும்?"